ஐஸ் தண்ணீருக்கும் சுற்றாத தலை

ஜெயபாண்டி ராஜபாளையத்திலிருந்து மம்சாபுரம் வழியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் தனியார் பஸ்ஸில் இருபத்திரண்டு வருடம் கண்டக்டராக இருந்தவர். எவ்வளவு கூட்டத்திலும் கம்பியைப் பிடிக்க மாட்டார். டிரைவர் திடீரென்று பிரேக் போட்டாலும் காலைச் சற்று அகட்டி நின்றபடி டிக்கெட் கிழித்துக் கொடுப்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நான்கு வருடத்துக்கு முன் ஒருநாள் இடது காது அடைத்துக்கொண்டு இரைந்தது. பிறகு பஸ்ஸே சுழல ஆரம்பித்தது. படியில் உட்கார்ந்து வாந்தி எடுத்தார். அது மாதத்தில் இரண்டு மூன்று முறை வந்தது. மறு வருடம் வலது காதும் இரைந்தது. உள்காது நோய் என்று டாக்டர் மாத்திரை கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொன்னார். வாழ்நாளில் குடித்தறியாதவரைப் பயணிகள் குடிகாரன் என்றார்கள். முதலாளி சுப்புராஜ் அவரை வீட்டில் இருக்கச் சொன்னார். குணமாகிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் மறுபடி வேலைக்கு வரலாம் என்றார்.

பிறகு சுற்றல் தானாகவே நின்றது. ஒன்பது மாதம் ஒருமுறைகூட வரவில்லை. நடக்கும்போது கடை போர்டுகள் கண்ணுக்குள் துள்ளின, இருட்டில் கால் தள்ளாடியது. படுத்தே கிடந்த பலவீனம் என்று அவரும் மனைவி அனுசியாவும் நினைத்தார்கள். சர்டிபிகேட் வாங்க ராஜபாளையத்து மருத்துவமனைக்குப் போனார்கள். டாக்டர் உள்காதிலிருக்கும் சமநிலை நரம்பைச் சோதித்து வரச் சொன்னார்.

சோதனை செய்யும் ஹெப்சிபா அவரைச் சாய்த்துப் படுக்க வைத்து, கண்ணை மூடும் கறுப்புக் கண்ணாடியை மாட்டினாள். கண்ணின் அசைவு கம்ப்யூட்டரில் தெரியும் என்றாள். காதுக்குள் தண்ணீர் விட்டால் தலை சுற்றும், இரண்டு நிமிடத்தில் நின்றுவிடும், பயப்பட வேண்டாம் என்று மந்தமாகிவிட்ட அவர் காதருகே சத்தமாகச் சொன்னாள். தூங்கிவிடாமல் இருக்க ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கச் சொன்னாள். அவர் பஸ் நிறுத்தங்களை வரிசையாகச் சொன்னார். குளிர்ந்த தண்ணீர், பிறகு வெதுவெதுப்பான தண்ணீர், மாறி மாறி இரண்டு காதிலும் விட்டாள். ஒரு நிறுத்தத்தில்கூட அவர் குரல் தடுமாறவில்லை. ஹெப்சிபா எழுந்து போய் ஐஸ் தண்ணீர் கொண்டுவந்தாள். காது வலித்தது. தலை சுற்றவில்லை.

கண்ணாடியைக் கழற்றியதும் ஜெயபாண்டி சிரித்தார். “ஐஸ் தண்ணிக்கே சுத்தல பாத்தீகளா தாயி. எல்லாம் சரியாப் போச்சு.”

ஹெப்சிபா பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“சுத்தணும்ண்ணே. நல்ல காதுன்னா எனக்குங்கூட சுத்தும். உங்களுக்கு ரெண்டு காதுலயும் அந்த நரம்பு வேலையே செய்யல. அதனாலதான் சுத்தல் நின்னிருக்கு.”

“மாத்திரைக்கு அந்த நரம்பு திரும்ப வந்துரும்ல?”

“வராதுண்ணே.”

கண்ணையும் காலையும் நம்பி நடக்கப் பயிற்சி இருக்கிறது, வெளிச்சத்தில் ஓரளவு சமாளிக்கலாம் என்றாள். ஓடும் பஸ்ஸில் நிற்கும் வேலைக்கு டாக்டர் எழுதித் தரமாட்டார் என்பதையும் சொன்னாள். அனுசியா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஜெயபாண்டி நம்பவில்லை. மறுவாரம் மனைவியிடம் சொல்லாமல் தான் வேலை பார்த்த அதே பஸ்ஸில் ஏறி, கம்பியைப் பிடிக்காமல் நின்றார். மம்சாபுரம் திருப்பத்தில் ஒரு பெண்ணின் மடியில் போய் விழுந்தார். காலையிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று யாரோ சொன்னார்கள். புதுக் கண்டக்டர் அவர் கையைப் பிடித்து, வயதானவர்களுக்கு விடும் இருக்கையில் உட்கார வைத்தான். அவருக்கு வயது நாற்பத்தாறு.

அதோடு பஸ் ஏறுவது நின்றது. பயிற்சியைப் பத்து நாள் செய்து, பிறகு விட்டுவிட்டார். ஒருநாள் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியபோது குளியலறையில் விழுந்து நெற்றி கிழிந்தது. கண் மூடினால் எது மேல், எது கீழ் என்று உடம்புக்குத் தெரிவதில்லை. இப்போது அனுசியா மில்லுக்குப் போகும் முன், அவரை உட்காரவைத்து முகம் கழுவி விடுகிறாள். அவர் கண்ணைத் திறந்தே வைத்திருக்கிறார். சோப்பு எரிகிறது என்று சொல்வதில்லை.