3.3-ஐ அடிக்க மாட்டாள்

போன வியாழக்கிழமை அடையாறில் என் மகள் படிக்கும் காலேஜுக்குப் போனேன். எதற்கு? மன்னிப்புக் கேட்க.

அப்படி என்ன தப்பு செய்துவிட்டாள் ஸ்டெல்லா? வோல்ட்மீட்டர் காட்டியதை அப்படியே ரெக்கார்டு நோட்டில் எழுதிவிட்டாள். பத்து வோல்ட் சப்ளை, ஒரே அளவில் இரண்டு ரெசிஸ்டர். ஒவ்வொன்றிலும் பாதிப் பாதியாக ஐந்து வோல்ட் வர வேண்டும். முள் காட்டியதோ 3.3. லெக்சரர் அதைச் சிவப்பு மையில் சுழித்து, ஐந்து என்று மாற்றினால்தான் கையெழுத்து என்றுவிட்டார். இவள் மாட்டேன் என்றுவிட்டாள். கையெழுத்து இல்லாவிட்டால் திங்கட்கிழமை பிராக்டிகல் எக்ஸாம் கிடையாது.

"மாத்தித் தொலையேன்" என்று நானும் வீட்டில் கத்தியிருந்தேன்.

காலேஜில் லெக்சரருக்காகக் காத்திருந்தபோது லேப் அட்டெண்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னா சார் இது... அந்த மீட்டர் எப்பவுமே அப்டிதான் காட்டிக்கினு கீது. எல்லாப் புள்ளைங்களும் கம்முனு அஞ்சுன்னு போட்டுக்கினு போய்டும்."

எல்லாப் பிள்ளைகளுமா? எனக்குச் சுருக்கென்றது. மீட்டர் ரிப்பேரா என்று ஸ்டெல்லாவைக் கேட்டேன்.

"இல்லப்பா. அளக்கறதுக்கு மீட்டரும் கொஞ்சம் கரண்ட் எடுக்கும். இந்த ரெசிஸ்டர்ல ஓடறதே துளியூண்டு. மீட்டரோட உள் ரெசிஸ்டன்ஸும் இதே அளவு. அதனால ரெசிஸ்டர் எடுக்கிற அளவு கரண்டை மீட்டரும் எடுத்துக்குது. வோல்டேஜ் இறங்கிடுது. மீட்டரை எடுத்துட்டா திரும்ப அஞ்சுதான்."

நம் வீடுகளிலும் இதே கதைதான்: காய்ச்சலில் கிடப்பவரை நலம் விசாரிக்க வருவார்கள். அவரே எழுந்து போய் அவர்களுக்குக் காபி போடுவார். "ரொம்ப டயர்டா தெரியறீங்களே" என்பார்கள். யாரால் ஐயா டயர்ட்?

அப்போது லெக்சரரும் வந்துவிட்டார். அவர் முன்னாலேயே ஸ்டெல்லா ஒரு டிஜிட்டல் மீட்டரை வைத்துக் காட்டினாள். அதன் உள் ரெசிஸ்டன்ஸ் மிக மிக அதிகம் — பேருக்குத்தான் கரண்ட் எடுக்கும். 4.97 காட்டியது.

"கிட்டத்தட்ட அஞ்சுதானே? அதையே எழுதிடும்மா" என்றார் லெக்சரர்.

"ரெண்டையும் எழுதறேன் சார். எந்த மீட்டர்ல எவ்வளவுன்னு எழுதறேன். 3.3-ஐ அடிக்க மாட்டேன்."

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்க சார்."

"அவ எழுதினது சரிதான் சார்" என்றேன்.

நோட்டை மூடி மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். இதை எழுதும் வரை கையெழுத்து விழவில்லை. எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால், கண்ணால் பார்த்ததை எழுதிய பெண்ணை எதற்காக நான் திட்ட வேண்டும்?

திங்கட்கிழமை காலையில் எக்ஸாம் ஹால் வாசலில் அவளோடு நானும் நிற்பேன். உள்ளே விடுகிறார்களா இல்லையா... பார்த்துவிடலாம்.