ஆறாவது சன்னல்

என் அத்தைக்கு நீச்சல் தெரியாது. ஆனால் லுமுட் ஜெட்டியில் கட்டிக் கிடக்கும் பாய்மரப் படகுகளுக்குள் மழை இறங்கினால், படகுக்காரர்கள் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். இதை நான் எங்கே போனாலும் சொல்லிவிடுவேன். கல்லூரியில் சேர்ந்த முதல் நாள், பெயரைச் சொன்ன கையோடு இதையும் சொன்னேன். அந்தப் பெருமையில் எனக்கும் ஒரு பங்கு உண்டென்று வெகுகாலம் நம்பியிருந்தேன். பங்கு இருந்தது உண்மைதான்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பாவின் தங்கையான அத்தை, ஈப்போவின் ஜெலாப்பாங்கில் கார் கண்ணாடி மாற்றும் ஒரு கடையில் வேலை பார்த்தார். நான்கு வருடமாக அவருக்குக் கொடுத்த வேலை, பழைய பசையைச் சுரண்டுவதும் கண்ணாடியைத் துடைப்பதும். ஒட்டுவதெல்லாம் ஆண்கள். அவர்கள் ஒட்டியதில் எந்த மூலையில் தண்ணீர் கசியும் என்று அத்தை பார்த்தவுடன் சொல்லிவிடுவார். சொன்னபடியே கசியும். அதனாலேயே அவரை ஒட்ட விடவில்லையோ என்னவோ.

ஒருநாள் ஓய்வுபெற்ற சீன ஆசிரியர் ஒருவர் தன் காருக்குக் கண்ணாடி மாற்ற வந்தார். வந்தவர், லுமுட்டில் நிற்கும் தன் படகின் ஆறு சன்னல்களும் ஒழுகுகின்றன, யாராவது வந்து ஒட்டுவீர்களா என்று கேட்டார். கடையில் சிரித்தார்கள். அத்தை அவர் பின்னாலேயே கார் வரை போய், தான் செய்வதாகச் சொல்லிவிட்டு வந்தார். மழையில் ஆறும் ஒழுகாமல் நின்றால் ஜெட்டியில் இருக்கும் மற்ற படகுக்காரர்களிடமும் சொல்வதாக அவர் வாக்குக் கொடுத்தாராம்.

இரவு அத்தை வீட்டில் சொன்னதை அப்பா சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"காடிக் கண்ணாடி வேற, கடல் வேறலா. தண்ணியப் பாத்தாலே பத்தடி தள்ளி நிப்ப நீ."

"படகுதாண்ணே தண்ணியில நிக்கும். நான் படகுலதான நிப்பேன்."

"ஒழுகுச்சுன்னா? கடையில உன்னத் தொடைக்கக்கூட விடமாட்டானுங்க."

"ஒழுகாது."

இவ்வளவு பேசியவர்தான் சனிக்கிழமை விடிந்ததும் காரை எடுத்தார். பள்ளி விடுமுறை என்பதால் நானும் ஏறிக்கொண்டேன்.

படகு வெளியே வெள்ளை வெளேரென்று இருந்தது. உள்ளே இறங்கினால் ஈரத்துணி வாடை. ஒவ்வொரு சன்னலுக்கும் கீழே ஒரு பிஸ்கட் டின், சொட்டும் தண்ணீரைப் பிடிக்க. அத்தை டின்களை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாக அடுக்கினார். இனிமேல் இவை வேண்டாம் என்பதுபோல.

சட்டங்களைக் கழற்றினார். படகின் உடம்பில் பழைய பசையை ஒரு இழைகூட மிச்சமில்லாமல் சுரண்டினார். ஸ்பிரிட் நனைத்த துணியால் இரண்டு முறை துடைத்தார்.

"தொடச்ச எடத்துல யாரும் விரல வைக்கக்கூடாது. கை அழுக்கு பட்டாலே பசை புடிக்காது," என்றார்.

எங்கள் வீட்டில் புதுச் சைக்கிளோ, சோறாக்கும் குக்கரோ, பரீட்சைக்கு வாங்கிய பேனாவோ, எதுவும் திருநீறு பூசாமல் வேலைக்கு இறங்காது. ஆயுத பூஜைக்கு அப்பாவின் ஸ்பேனர்கள்கூடப் பொட்டோடுதான் உட்கார்ந்திருக்கும். இவ்வளவு பெரிய காரியத்தை அத்தை அவசரத்தில் சாமி கும்பிடாமல் தொடங்கிவிட்டாரே என்று எனக்குத் தாங்கவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் கொடுத்த திருநீறு என் சட்டைப்பையில் பொட்டலமாக இருந்தது. அதற்குள் ஐந்து சன்னல் முடிந்துவிட்டது. கடைசி ஒன்றுக்காவது இருக்கட்டும் என்று, அத்தை புதுப் பசைக்குழாயின் நுனியை வெட்டத் திரும்பிய நேரம் பார்த்து, துடைத்து வைத்த இடத்தில் மூன்று விரலால் மூன்று கோடு இழுத்தேன். வெள்ளையில் வெள்ளை, கண்ணுக்கே தெரியவில்லை. கை அழுக்குத்தான் படக்கூடாது என்றார். திருநீறு அழுக்கா என்ன?

அத்தை கறுப்புப் பசையை ஒரே சீராக இட்டு, சட்டத்தை வைத்து, ஸ்குருக்களைப் பாதி வரைதான் முறுக்கினார். இன்றே முழுக்க முறுக்கினால் பசையெல்லாம் வெளியே பிதுங்கிவிடுமாம். ஒரு வாரம் இறுக விட்டு மீதியை முறுக்க வேண்டுமாம்.

அடுத்த சனிக்கிழமை போய் முறுக்கினோம். ஆசிரியர் மேலே நின்று ரப்பர் குழாயால் தண்ணீரை அடித்தார். உள்ளே நான் ஒவ்வொரு சன்னலின் அடியிலும் டிஷ்யூத் தாளை ஒற்றிப் பார்த்து, "காஞ்சிருக்கு," என்று அறிவித்துக்கொண்டே வந்தேன். ஐந்து முறை சொன்னேன். ஆறாவதன் கீழே ஒரு சொட்டு திரண்டு நின்றது. அது திரும்ப உள்ளே போய்விடுமோ என்று காத்திருந்தேன். விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று.

எல்லாவற்றையும் விட்டு, நான் திருநீறு பூசிய சன்னல். கொஞ்சமாகப் பூசிவிட்டோம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் அப்பா. ஆசிரியர் குழாயை மூடினார்.

அத்தை ஸ்குருக்களைக் கழற்றி, கத்தியை உள்ளே விட்டுச் சட்டத்தை நெம்பினார். மற்ற பக்கங்களில் பசை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டது. கீழ்ப்பக்கத்தில் மட்டும் தோல் உரிவதுபோல நீளமாக வந்தது. அந்தக் கறுப்புப் பட்டையில் மூன்று வெள்ளைக் கோடுகள். அத்தை அதைப் பார்த்தார். பிறகு என் நெற்றியைப் பார்த்தார். பட்டையை நான்காக மடித்துக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். திருநீறு கீழே விழுந்து மிதிபடக் கூடாதே என்றுதான் வைக்கிறார், அத்தைக்கு எவ்வளவு பக்தி என்று எனக்குப் பட்டது.

"சாலா சாயா, அங்கிள்," என்றார் ஆசிரியரிடம். தப்பு என்னுடையது என்று.

"என்னா தப்பு?" அப்பா விடவில்லை.

"சரியா தொடைக்கலண்ணே."

"நாலு வருசமா தொடைக்கிறவ நீ. உனக்கா தொடைக்கத் தெரியல?"

"ஆமாண்ணே," என்றார் அத்தை. "தொடைக்கல."

ஆசிரியர் இன்னொரு முறை பார்க்கலாம் என்றார். அத்தை மறுபடி சுரண்டி, மறுபடி துடைத்து, இந்த முறை என்னைக் கூப்பிட்டு, "பாப்பா, அந்தப் பொட்டலம் எங்கிட்ட இருக்கட்டும்," என்று வாங்கி வைத்துக்கொண்டார். சன்னலை ஏற்றி முடித்த பிறகுதான் திருப்பிக் கொடுத்தார். "இப்பப் பூசு. உள்பக்கம், கண்ணாடி நடுவுல." நன்றாக அள்ளிப் பூசினேன்.

ஒரு வாரம் கழித்து அத்தை மட்டும் பஸ்ஸில் போய் மீதி முறுக்கிவிட்டு வந்தார். அதற்கு மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. ஆசிரியர் படகுக்குள் உட்கார்ந்து அத்தைக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினார். முக்கால்வாசி மழைச் சத்தம். நடுவில், எல்லாமே காய்ந்திருக்கிறது என்பதற்கு மலாயில், "கெரிங். செமுவா கெரிங்." அப்பா அதை இரண்டு முறை கேட்டார். பிறகு தன் போனுக்கு அனுப்பச் சொல்லி, ஒரு மாதத்துக்கு வீட்டுக்கு வந்தவர் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். "என் தங்கச்சி வேல," என்பார். அடுத்த தீபாவளிக்குள் அத்தை கடையை விட்டுவிட்டார். திருநீறு இரண்டாவது முறைதான் வேலை செய்தது என்று நான் பள்ளியில் பாதிப் பேரை நம்பவைத்திருந்தேன்.

போன வருடம் கல்லூரிப் பட்டறையில் பசைச் சோதனை. துடைத்த தகட்டில் ஒன்று, தூசி தூவிய தகட்டில் ஒன்று. இரண்டாவதை இழுத்தேன். தோல் உரிவதுபோல வந்தது. தூசி அப்படியே அதன் முதுகில் ஒட்டியிருந்தது. கையில் அதைப் பிடித்தபடி நின்றேன். பக்கத்திலிருந்த பெண் என்ன ஆச்சு என்று கேட்டாள். துணியை எடுத்துத் தகட்டைத் துடைக்க ஆரம்பித்தேன்.

ஏனென்றால் அந்த இரண்டாவது சனிக்கிழமை, ஈப்போவுக்குத் திரும்பும் வழியில், அப்பாவும் அத்தையும் முன்சீட்டில் இருந்த காரில், நான் பின்சீட்டிலிருந்து எட்டி அத்தையின் தோளைத் தட்டினேன்.

"அடுத்த தடவ நல்லாத் தொடைங்க அத்தே."

அத்தை திரும்பாமலே, "சரி பாப்பா," என்றார்.