தங்கையின் முன்பற்கள்

எங்கள் வேலையிடத்தில் சாயங்காலம் பல் தேய்க்கும் பழக்கத்தைக் கொண்டுவந்தது நான்தான். போன மாசம் வரைக்கும் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நானும் தங்கையும் எங்கள் ஊரான மாரிக்குப்பத்தில் விடிகாலை ரயில் ஏறி, பெங்களூர் ஓரத்தில் இருக்கும் ஒரு சின்னக் கம்பெனிக்குப் போகிறோம். சர்க்யூட் போர்டு செய்கிற இடம். செம்புத் தகடு ஒட்டிய பலகையை ஆசிட் தொட்டியில் இறக்கினால், மூடி மறைத்த கோடுகளை விட்டுவிட்டு மீதிச் செம்பையெல்லாம் அது கரைத்துவிடும். ஒன்பது வருஷமாகத் தொட்டிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். ஆவியை வெளியே இழுக்க ஒரு ஃபேன் உண்டு. சுற்றும், இழுக்காது. சாயங்காலமானால் நாக்கில் புளிப்பேறி, மாங்காய் கடித்த மாதிரி பல் கூசும்.

அந்த வாயோடு வீட்டுக்குப் போக எனக்கு மனசு ஒப்பவில்லை. எங்கள் அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர். ஷிப்ட் முடிந்து வந்தால் கை கால் முகம் தேய்த்துக் கழுவாமல் வாசற்படி ஏறமாட்டார். வேலையின் அழுக்கு வேலையோடு நின்றுவிட வேண்டும் என்பது சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் எழுதாத சட்டம். நானும் அப்படியே செய்தேன். இருப்பதிலேயே முரட்டு பிரஷ்ஷாகப் பார்த்து வாங்கி, கம்பெனிக் குழாயடியிலேயே அழுத்தித் தேய்த்துவிட்டுத்தான் வண்டிக்குக் கிளம்புவேன். என்னைப் பார்த்து, எங்கள் ஊரிலிருந்து வரும் மற்றப் பெண்களும் வரிசையில் நின்றார்கள்.

தங்கை மட்டும் சோம்பேறி. இரண்டு இழுப்பு, ஒரு கொப்பளிப்பு, முடிந்தது. நான் பின்னாலேயே நிற்பேன்.

"இன்னாடி அது, சாமி படத்துக்குப் பொட்டு வெக்கிற மாதிரி? அழுத்தித் தேய்!"

"தேய்ச்சிகினுதாங்க்கா இருக்கேன்" என்பாள், வாய் நிறைய நுரையோடு. எனக்குப் பயந்து தேய்ப்பாள்.

போன மாசம் ரயிலில் பன் தின்றுகொண்டிருந்தவளுடைய முன்பல்லின் ஓரம் உடைந்து கையில் வந்தது. கல்லைக் கடித்தாலாவது பரவாயில்லை, பன்! வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். முன்பற்களின் நுனி கண்ணாடி மாதிரி மெலிந்து வெளிச்சம் ஊடுருவியது, நடுவில் மஞ்சள். அன்றிலிருந்து துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். இரண்டு பெட்டி தள்ளி இருப்பவர்களுக்கும் கேட்கிற மாதிரி சிரிப்பவள் சிரிப்பதையே விட்டுவிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. மற்றப் பற்களும் போய்விட்டால் இவள் கதி என்ன என்று பயந்தேன்.

போர்வெல் தண்ணீர்தான் காரணம் என்று தெருவில் எல்லாரும் சொன்னார்கள். எங்கள் பக்கம் பல்லில் எது வந்தாலும் போர் தண்ணீர்தான். ஒரு நாள் லீவு போட்டு அவளைப் பல் காலேஜுக்கு இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஆண்டர்சன்பேட்டைப் பெண், எங்கள் பேச்சே பேசினாள். எலுமிச்சம்பழம் சப்புவீங்களா, சோடா குடிப்பீங்களா, அடிக்கடி வாந்தி வருமா என்று தங்கையைக் கேட்டாள். எதுவும் இல்லை. என்ன வேலை என்று கேட்டாள். சொன்னோம்.

"ஆனா டாக்டர், வேலை முடிஞ்ச உடனே நல்லா அழுத்தித் தேய்ச்சிடுவோம். எங்கக்கா விடாது" என்றாள் தங்கை, என்னைப் பெருமையாகக் காட்டி.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினாள். "உடனேவா?"

"உடனே" என்றேன் நான்.

அவள் கம்ப்யூட்டரைத் திருப்பி இரண்டு படம் காட்டினாள். யாருக்கோ பிடுங்கிய பல்லை மைக்ரோஸ்கோப்பில் எடுத்ததாம். முதல் படத்தில் பல்லின் மேல் ஓடான எனாமல், பூசி மெழுகிய சிமெண்டுத் தரை போல இருந்தது. ஆசிட் பட்ட பிறகு எடுத்த இரண்டாவது படத்தில் இடியாப்ப அச்சு போல ஓட்டை ஓட்டையாக இருந்தது.

"எனாமல் பூரா, முடியைவிட ரொம்பச் சன்னமா கோல் கோலா அடுக்கியிருக்குங்க்கா. ஆசிட் பட்டா அந்தக் கோல்லேருந்து சத்து கரைஞ்சி வெளிய போயிடும், மேல்பக்கம் மெத்துன்னு ஆயிடும். அப்பால எச்சில் ஊறி ஊறிக் கொஞ்சம் சத்தைத் திரும்ப வெக்கும். அதுக்கு டைம் குடுக்கணும். வெறும் தண்ணில கொப்பளிச்சிட்டு ஒரு மணி நேரமாவது சும்மா இருக்கணும். நீங்க மெத்துன்னு இருக்கும்போதே சுரண்டி எடுத்துட்டீங்க."

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. அந்த இரண்டாவது படத்தில் சில கோல்களில் நடுப்பகுதி கரைந்து ஓரம் நின்றது, சிலவற்றில் ஓரம் கரைந்து நடு நின்றது. ஏன் இப்படி என்று கேட்டேன். சரியாகச் சொல்ல முடியாது என்றாள். சரி, என் பல் ஏன் உடையவில்லை, நான் இவளைவிட இரண்டு மடங்கு தேய்த்தவளாயிற்றே என்று கேட்டேன். என் வாயையும் பார்த்தாள். எனக்கும் தேய்ந்திருக்கிறது, ஆனால் குறைவு. ஆவி முதலில் படுவது உதடு மூடாத பல்லில்தானாம். மாஸ்க்கை இறக்கிவிட்டுப் பேசிச் சிரித்துக்கொண்டே வேலை செய்பவள் அவள், உம்மென்று இருப்பவள் நான்.

அப்படியானால் அவள் பல்லைக் கெடுத்தது எது? தொட்டியா, ஃபேனா, அவள் சிரிப்பா, என் பிரஷ்ஷா? எது எவ்வளவு என்று கேட்டேன். "அப்படிப் பிரிச்சிச் சொல்ல முடியாதுங்க்கா" என்றாள். எனக்குக் கோபமாக வந்தது. திட்டுவதற்கு ஆள் யார் என்று தெரிந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும்.

உடைந்த பல்லை அடைக்க உட்கார வைத்தார்கள். டாக்டர் ஒரு ஊசிக் குழாயை எடுத்தாள், நுனியில் நீலமாக ஏதோ பிதுங்கியது. என்ன என்று கேட்டேன்.

"ஆசிட்."

நான் எழுந்தே விட்டேன். "ஆசிட் தின்ன பல்லுக்கு மறுபடியும் ஆசிட்டா?"

"பல்லு வழவழன்னு இருந்தா அடைக்கிற சிமெண்டு நிக்காதுங்க்கா. அந்தச் சின்னச் சின்ன ஓட்டைக்குள்ள இறங்கிப் பிடிச்சாதான் நிக்கும். இருபது செகண்டுதான்."

தங்கை நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆசிட் என்றால் என்ன என்று எங்களைவிட யாருக்குத் தெரியும்? பூசியதும் என் வாய் தானாக எண்ணத் தொடங்கிவிட்டது. பதினெட்டு, பத்தொன்பது, இருபது. கழுவினாள், காய வைத்தாள். அந்த இடம் மட்டும் சாக்பீஸ் மாதிரி வெளுத்துத் தெரிந்தது. நாள் முழுக்க நாங்கள் செய்கிற அதே வேலை. இங்கே அது வைத்தியம்.

பல்லை அடைத்து முடிந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். போனில் தன் பல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கம் இல்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "நான்தான்டி உன் பல்லைக் கெடுத்துட்டேன்" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

அவள் திகைத்துப் போனாள். பிறகு என் தோளில் கைபோட்டு, காதருகே வந்து, திருட்டுத்தனத்தை ஒப்புக்கொள்கிறவளைப் போலச் சொன்னாள்.

"அழாதக்கா. நீ லீவு போட்ட நாள்லாம் நான் தேய்க்கவே இல்ல."

வேறொரு நாளாக இருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பேன். அன்று மனசுக்குள் என் லீவுகளை எண்ணிப் பார்த்தேன். ஒன்பது வருஷத்தில் இரண்டு கல்யாணம், ஒரு சாவு, ஒரு தடவை டைபாய்டு. அந்த டைபாய்டு இன்னும் ஒரு மாசம் என்னைப் படுக்கையில் போட்டிருக்கக் கூடாதா என்றிருந்தது.