தனகோடி இழுத்துப் பார்த்த சிவப்புக் கயிறு

அச்சரப்பாக்கத்துத் தனகோடிக்குத் திருவிடந்தை பலூன் திடலில் ஒரு கெட்ட பெயர் உண்டு: கிளம்புகிற நேரத்தில் குறுக்கே நிற்பவள். டிராக்டரில் வைக்கோல் பாரம் கட்டிப் பழகிய கை என்று கயிறு பிடிக்கச் சேர்த்தார்கள். ஐந்தே வருடத்தில் தரைக் குழுவுக்கே தலைவியாகிவிட்டாள். பலூனின் உச்சியில் ஒரு திறப்பு உண்டு. சிவப்புக் கயிற்றை இழுத்தால் அது திறந்து, சூடான காற்று வெளியேறி, பலூன் இறங்கும். அதைத் தன் கையால் ஒரு தரம் இழுத்துப் பார்க்காமல் எந்தக் கொம்பனையும் அவள் ஏற்றியதில்லை.

அன்று காணும் பொங்கல். ஏறப் போவது அவள் புருஷன் உலகநாதன்! "காத்து மூட்டைக்குக் காவக்காரி" என்று இத்தனை நாள் கிண்டலடித்த மனுஷன், கூலிங் கிளாஸ் போட்டு மாப்பிள்ளை மாதிரி வந்து நின்றார். தனகோடிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. முந்தின நாள் டிராக்டருக்குச் செய்தது போலவே, விடிந்ததும் கூடையின் மேல் சட்டத்துக்குக் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் கோத்த சாமந்தி மாலையைச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

மஞ்சள் பலூன் உப்பி நிமிர்ந்தது. கூட்டம் விசிலடித்தது. பைலட் நரசிம்மன் அவசரப்பட்டான்.

"அக்கா, வெயில் ஏறினா காத்து வந்துடும். சீக்கிரம் ஏத்திவுடு."

"இரு நைனா."

இழுத்தாள். கயிறு வரவில்லை. உடம்பு மொத்தத்தையும் போட்டு இழுத்தாள். உச்சி அசையவே இல்லை.

மாலையோடு சேர்ந்து சிவப்புக் கயிறும் சட்டத்தில் இறுகிக் கிடந்தது. வைக்கோல் பாரத்து முடிச்சு, மதுராந்தகம் போய்ச் சேர்ந்தாலும் நெகிழாது.

"எவன் கட்டுனான் இத?" நரசிம்மன் கத்தினான்.

"நான்தான்."

கத்தியால் அறுத்தாள். சாமந்தி கொட்டியது. மறுபடி இழுத்தாள், உச்சியில் வட்டமாக வானம் தெரிந்தது! புருஷனை ஏற்றினாள்.

நான்கு ஜீப்புகளில் கட்டிய கயிறுகளோடு பலூன் நூறடி மேலே போனது. "கோடீ!" என்று உலகநாதன் கூவினார். அந்த நேரம் பார்த்துக் கடல் பக்கமிருந்து காற்று ஓங்கி அறைந்தது. பலூன் சாய்ந்தது, ஒரு ஜீப் மணலில் இழுபட்டது. "இழுடா!" என்று தனகோடி அலறினாள். நரசிம்மன் சிவப்புக் கயிற்றை இழுத்தான். பலூன் தொய்ந்து இறங்கி, கூடை தொம்மென்று தரையில் உட்கார்ந்தது.

உலகநாதன் கூலிங் கிளாஸ் இல்லாமல் வெளியே வந்தார். தனகோடி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். பிறகு பாதுகாப்பு நோட்டை எடுத்துத் 'தவறு' என்ற இடத்தில் எழுதினாள்: 'சிவப்புக் கயிற்றோடு மாலை கட்டியது, தனகோடி.'

"இன்னாடி, உம் பேர நீயே எழுதிகினு கீற?"

"எழுதலன்னா, அடுத்த பொங்கலுக்கும் நான்தான்யா கட்டுவேன்."