ஐம்பதில் நின்ற முள்

நாமக்கல்லில் முட்டை லாரி ஓட்டிய நான்கு வருடம்தான் நான் ஒரே வேலையில் அதிக நாள் இருந்தது. எட்டாவதோடு பள்ளியை விட்டுக் கிளீனராக ஏறியவன். போர் போடும் ரிக் வண்டி, மணல், ஆத்தூர் ஜவ்வரிசி என்று எதெதையோ ஓட்டினேன். எங்கும் ஒரு வருடம் தாண்டியதில்லை. பாதி இடங்களில் சண்டை போட்டுக்கொண்டு வந்தேன், பாதி இடங்களில் சும்மாவே வந்துவிட்டேன். சேந்தமங்கலத்தில் வீடு பிடித்தபோது மகளுக்கு அது ஐந்தாவது பள்ளி. ஏழாவதில் சேர்த்தோம்.

பாத்திர மூட்டையை இறக்கி வைத்ததும் மனைவி சொல்லிவிட்டாள். “புள்ள பத்தாவது முடிக்கிற வரைக்கும் இந்த ஊட்ட விட்டு நா நவுர மாட்டேன். போறதுன்னா நீங்க போங்க.”

அதனால்தான் அந்த வேலையைப் பிடித்துக்கொண்டேன். கோழிப்பண்ணை வைத்திருந்த ஒரு அம்மாவிடம் டிரைவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மலிவாகக் கிடைத்தது என்று ஒரு பழைய மணல் டிப்பரை வாங்கி, தூக்கும் ஜாக்கியைக் கழற்றிவிட்டு, முட்டை ஏற்றும் பாடி கட்டியிருந்தார். டிப்பருக்கு இழுவை உண்டு, ஓட்டம் இருக்காது. கேரளா வரை போய்வர வேண்டுமே என்று பின் அச்சில், சக்கரம் வேகமாகச் சுற்றுகிற மாதிரி, வேறு கிரவுன் பல்சக்கரம் போட்டார்கள். அதன் பிறகு வண்டி நன்றாக ஓடியது. முன்னைப் போல இன்ஜின் கத்தவும் இல்லை.

இன்னொரு அதிசயம், அதில் ஸ்பீடாமீட்டர் வேலை செய்தது. அதுவரை நான் ஓட்டிய எந்த லாரியிலும் முள் அசைந்து பார்த்ததில்லை. இன்ஜின் சத்தத்தையும் ஓரத்து மரங்களையும் வைத்துத்தான் வேகத்தைத் தெரிந்துகொள்வேன். முள் ஆடும் வண்டி கிடைத்ததும் அதையெல்லாம் விட்டுவிட்டேன். முட்டை லோடுக்கு ஐம்பதைத் தாண்டக் கூடாது என்று அக்கா சொல்லியிருந்தார். ஐம்பதில் முள்ளை நிறுத்தி, அதையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

ஆனாலும் திருச்சூரில் இறக்கும்போது ஒவ்வொரு நடையிலும் முட்டை அடுக்கிய அட்டைகளில் நாற்பது, ஐம்பது உடைந்து ஒழுகியது. மூன்றாவது நடை முடிந்து வந்த காலையில் அக்கா பண்ணை வாசலிலேயே நின்றிருந்தார்.

“ஏனுங்க டிரைவரே, எத்தனைல போனீங்க?”

“அம்பதுங்கக்கா. முள்ளு தாண்டவே இல்ல.”

“அம்பதுல போற வண்டி எப்படிங்க ஒரு மணி நேரம் முன்னாலயே போய் நிக்குது? திருச்சூர் யாவாரி போன் பண்ணிச் சொல்றாரு. ரெக்கை முளைச்சிருச்சா?”

“சத்தியமா அம்பதுதானுங்க.”

“முட்டை ஒடச்சது கூடப் பரவால்ல. எம்மூஞ்சியப் பாத்துப் பொய் சொல்றீங்க பாருங்க. அடுத்த நடைக்கு வேற ஆள் சொல்லியிருக்கேன்.”

எத்தனையோ முதலாளிகளிடம் பொய் சொல்லியிருக்கிறேன். அன்று சொன்னது உண்மை. வீட்டில் போய் என்ன சொல்வது என்று நினைக்கும்போதுதான் அது தோன்றியது. நான் சொல்வதும் நிஜம், வியாபாரி சொல்வதும் நிஜம் என்றால், முள்தான் பாக்கி.

“நீங்களே வந்து ஏறுங்கக்கா. வாட்ச்சைப் பாருங்க” என்றேன்.

சேலையைச் செருகிக்கொண்டு ஏறிவிட்டார். காலி வண்டியை ராசிபுரம் பக்கம் விட்டேன். முள்ளை ஐம்பதில் நிறுத்தினேன். ஒரு கிலோமீட்டர் கல் வந்ததும் “இப்ப!” என்றேன். அடுத்த கல்லிலும் சொன்னேன்.

“சரியா ஒரு நிமிஷம்” என்றார்.

நிமிஷத்துக்கு ஒரு கிலோமீட்டர் என்றால் மணிக்கு அறுபது. எட்டாவது படிப்பே அதற்குப் போதும்.

“கல்லத் தப்பா நட்டிருப்பானுங்க” என்றார் அக்கா, முள்ளை எட்டிப் பார்த்துக்கொண்டே. இன்னும் நான்கு கல் போனோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிஷம்தான், ஒன்றிரண்டு நொடி முன்பின்.

“அஞ்சு கல்லையுமா தப்பா நடுவானுங்க?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “முள்ளுதான் கெட்டுப்போச்சு, செரி. ஓரத்துல மரம் ஓடறது கண்ணுல படலீங்களா?”

கியரைக் குறைத்து வண்டியைத் திருப்பினேன்.

அங்கிருந்து நேரே பட்டறைக்குப் போனோம். கிரவுன் மாற்றிய மெக்கானிக் தலையைச் சொறிந்தான். “முள்ளுக்கு ஒயரு கியர்பாக்ஸ்ல இருந்து வருதுங்கண்ணா. பின்னால கிரவுன் மாறுனது அதுக்குத் தெரியாது. எந்த லாரிக்காரரு மீட்டரப் பாக்கறாருன்னு நானும் விட்டுட்டேன்.”

“இந்தக் கூத்துல எம்முட்டை ஒடஞ்சு போச்சு சாமி” என்றார் அக்கா.

அவன் வண்டிக்கு அடியில் படுத்து, கியர்பாக்ஸில் ஒயர் மாட்டியிருக்கும் இடத்திலிருந்து சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பல்சக்கரத்தை உருவி எடுத்தான். பதினெட்டுப் பல். பல் குறைந்தால் அது வேகமாகச் சுற்றும், முள் கூடக் காட்டும். ஐம்பது காட்டும் இடத்தில் அறுபது காட்ட வேண்டும், எத்தனை பல் வேண்டும் என்று கதவுத் தூசியில் கணக்குப் போட்டேன். பதினைந்து வந்தது. பழைய சாமான் டப்பாவைக் கொட்டித் தேடினான். முதலில் பதினாறுதான் கிடைத்தது. “ஒரு பல்லு முன்னப் பின்ன இருந்தா என்னங்கண்ணா?” என்றான். அக்கா பார்த்த பார்வையில் பக்கத்துப் பட்டறைக்கு ஓடிப்போய்ப் பதினைந்தை வாங்கி வந்து மாட்டினான். மறுபடி கல் பார்த்தோம். முள் அறுபதில் நின்றபோது ஒரு நிமிஷம் ஆனது.

“இந்த ஒரு நடை போய்ட்டு வாங்க. அப்பறம் பாக்கலாம்” என்று மட்டும் சொன்னார்.

உண்மையான ஐம்பது எவ்வளவு மெதுவானது என்று அந்த நடையில்தான் தெரிந்தது. மாட்டுத்தீவனம் ஏற்றிய டெம்போகூட ஹாரன் அடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனது. கால் அரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். தாமதம் என்று வியாபாரி மலையாளத்தில் திட்டினார். அட்டைகளை இறக்க இறக்க எண்ணிக்கொண்டே நின்றேன்.

போன் அடித்ததும் அக்கா எடுத்தார். “எத்தனைங்க?”

“ஆறு அட்டைங்கக்கா.”

“அந்த ஆளை வர வேண்டாம்னு சொல்லிடறேன். வெறும் வயித்தோட வண்டி எடுக்காதீங்க, சாப்புட்டு வாங்க.”

அந்த வண்டியில் நான்கு வருடம் இருந்தேன். மகள் பத்தாவது பரீட்சை எழுதி முடித்த வாரம், காரணம் எதுவும் இல்லாமல், சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். “எங்க போறீங்க?” என்று அக்கா கேட்டார். “தெரியலீங்கக்கா” என்றேன். இப்போது ஓட்டும் வண்டியில் வேகம் எண்ணாகவே தெரிகிறது. கொஞ்சம் மிதித்தால் முதலாளியின் போனுக்குச் செய்தி போய்விடுகிறது. யாரும் ஏறி வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை.

வீட்டை மட்டும் மாற்றவில்லை. மகள் பதினொன்றாவதும் அங்கேயே சேர்ந்துவிட்டாள். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் யோசிப்பேன். இப்போது சேந்தமங்கலம் என்று சொல்லிவிடுகிறேன்.