அக்கா வீட்டுக் கூரை தெரியாத படம்

வானத்திலிருந்து எடுத்த செய்மதிப் படம் கைக்குக் கிடைத்ததும் எல்லோரும் முதலில் தேடுவது அவரவர் வீட்டைத்தான். நானும் தேடினேன். மாத்தளையில் எங்கள் வாடகை வீட்டுத் தகரம் பளிச்சென்று தெரிந்தது. நாவுலவுக்கு மேலே மலையோரத்தில் இருக்கும் அக்கா வீடு மட்டும் அகப்படவே இல்லை. பலாவும் கிராம்பும் மிளகுக் கொடி ஏறிய மரங்களுமாக அவள் தோட்டம் கூரையை மூடி நின்றது. மேலேயிருந்து பார்த்தால் காடு, அவ்வளவுதான்.

எங்கள் வேலை சிறுத்தைகளைப் பற்றியது. இரண்டு மலைக்காடுகளுக்கு நடுவே அவை எந்த வழியாகப் போய்வரும் என்று வரைபடம் போட வேண்டும். கூரை, வீதி, வயல் என்று தெரிவதையெல்லாம் குறித்துக் கொடுத்தால், மிருகத்துக்குச் சிரமமில்லாத வழியைக் கம்ப்யூட்டர் சிவப்புக் கோடாக இழுத்துக் காட்டும். படத்தில் தெரியாததைக் குறிக்கக்கூடாது என்பது விதி. அக்கா வீட்டை நான் குறிக்கவில்லை.

கோடு வந்தது. அக்கா வீட்டுப் பக்கத்து ஓடை வளைவை அடையாளம் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். அது நேரே அக்கா தோட்டத்துக்குள் போனது. அத்தான் தம்புள்ளைக்கு மரக்கறி லொறி ஓட்டுகிறவர், வீட்டில் தங்குவதே அபூர்வம். அக்காவும் நாலு வயது மகளும் மட்டும்தான் அங்கே.

உடனே போன் எடுத்தேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏண்டி, ஒங்க மெஷினுக்கு வேற எடமே கெடைக்கலையா? புலி வந்தா தேத்தண்ணி ஊத்திக் குடுக்கிறேன், போ."

வைக்கப் போகும்போது, "நாயைத்தான் ரெண்டு மூணு நாளா காணோம். எங்கயாச்சும் லொறியில அடிபட்டிருக்கும், சனியன்" என்றாள்.

மறுநாளே பஸ் ஏறிவிட்டேன். போய்ச் சேரும்போது நல்ல வெயில், ஆனாலும் தோட்டத்துக்குள் வெளிச்சம் இல்லை. எப்போதும் கூரையில் குதித்து அட்டகாசம் பண்ணும் குரங்குகளில் ஒன்றைக்கூடக் காணோம்.

"இப்ப கொஞ்ச நாளா கொரங்குத் தொல்லையே இல்லடி. பிள்ளையாருக்குத் தேங்கா ஒடைச்சேன்ல!" அக்காவுக்கு அப்படி ஒரு பெருமை.

கையில் ஜீ.பி.எஸ். கருவியைப் பிடித்துக்கொண்டு கோட்டின் மேலேயே நடந்தேன். அக்கா என்னைக் கிண்டல் பண்ணிக்கொண்டே பின்னால் வந்தாள். வீட்டுக்குப் பின்புறம், மிளகுக் கொடி தரைவரை தொங்கும் ஒரு மரத்தடியில் சருகு அமுங்கிக் கிடந்தது. ஆள் படுத்து எழும்பின மாதிரி ஒரு பள்ளம். அதில் மஞ்சளாகச் சில முடிகள். பக்கத்தில் நாயின் கழுத்துப் பட்டி. அக்கா கிண்டலை நிறுத்தினாள்.

கோட்டின்படி அது இந்த வழியாகக் கடந்து போகிற மிருகம். போகிற மிருகம் இங்கே ஏன் படுக்க வேண்டும்? நான் அந்தப் பள்ளத்தருகே குனிந்து, அது பார்த்திருக்கக்கூடிய பக்கம் பார்த்தேன். இலைகளுக்கு நடுவே நேர் எதிரே பின்பக்க ஜன்னல். ஜன்னலோரம் அக்கா மகளின் கட்டில். அவள் மத்தியானத் தூக்கத்தில் இருந்தாள். ஒரு கை மட்டும் கம்பிக்கு வெளியே தொங்கியது.



அக்கா சருகில் உள்ளங்கையை வைத்தாள். வைத்த கையைச் சட்டென்று எடுத்தாள்.

"சூடா இருக்குடி."

அவள் வீட்டுக்குள் ஓடினாள். பிள்ளையை அள்ளிக்கொண்டாள். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. நான் நெருப்பை அணைத்தேன், அவள் கதவைப் பூட்டினாள், வீதிவரை ஓடி ஆட்டோ பிடித்தோம். இருவரும் ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அத்தான் மாத்தளையிலேயே ஒரு வீடு பார்த்துவிட்டார். மிளகு பறிக்கக்கூட அக்கா மேலே போவதில்லை. படத்தில் விடுபட்ட வீடுகளைச் சேர்க்கச் சொல்லி அலுவலகத்தில் கேட்டார்கள். அந்த ஓடை வளைவின் மேல் சுட்டியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு குறிக்காமலே அடுத்த இடத்துக்குப் போய்விட்டேன். அங்கே இனி யார் இருக்கிறார்கள்?

அக்கா மகளிடம் நாங்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. வீட்டுக்குள் பூச்சி வந்துவிட்டது, அதனால்தான் இங்கே வந்தோம் என்று சொல்லி வைத்திருந்தோம். போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தேன். திடீரென்று கேட்டாள்:

"சித்தி, நான் ஜன்னல்ல இல்லாட்டி அது என்னைத் தேடுமா?"