வெந்நீர்ப் பை

என் தவறால் ஒரு மனிதரின் கால் வெந்தது. அந்தப் பழியை முதலாண்டு படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் சுமந்தாள். அவள் தலையில் அதை ஏற்றியவன் நான். இதைச் சொல்ல இத்தனை காலம் ஆனதற்கு நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

செஞ்சியில் ஒரு சிறிய செவிலியர் பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். நானும் நர்சிங் படித்தவன்தான். முதலாண்டு மாணவிகளுக்கு அடிப்படைப் பாடம் எடுப்பேன். அந்தப் பாடத்தில் பெரிய விஷயங்கள் எதுவும் கிடையாது. கை கழுவ வேண்டும். விரலிடுக்கு, நகக்கண், மணிக்கட்டு என்று விடாமல் கழுவ வேண்டும். படுக்கை விரிக்க வேண்டும். விரிப்பின் மூலையைத் தபால் உறையைப் போல மடித்து மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். நாடி பார்த்த பிறகு, பிடித்த கையை விடாமலே மூச்சை எண்ண வேண்டும். மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் நோயாளி வேறு மாதிரி மூச்சு விடுவார். மாணவிகள் ஒருவருக்கொருவர் பார்த்துப் பழகுவார்கள்.

"சார், இவ நான் எண்றன்னு தெரிஞ்சிக்கினு மூச்சே விட மாட்டன்றா சார்."

"விடலன்னா விடலன்னு எழுதிக்கம்மா. டாக்டர் வந்து பாத்துக்குவாரு."

அப்படிச் சிரித்த வகுப்புகளும் உண்டு.

பயிற்சி அறையில் ஆள் உயரப் பொம்மை ஒன்று இருந்தது. குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அதில்தான் பழக வேண்டும். ஆனால் அங்கீகாரம் தருகிறவர்கள் ஆய்வுக்கு வரும்போது அது புதிதாக இருக்க வேண்டும் என்பதால், வாங்கி வந்த பிளாஸ்டிக் உறையைக்கூட நாங்கள் பிரிக்கவில்லை. பெண்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள். "மாப்ளைக்கு இன்னிக்கும் குளியல் இல்லீங்களா சார்?" என்று கேட்பார்கள். நான் கரும்பலகையில் படம் வரைந்து பாடத்தை முடித்துவிடுவேன்.

நான் சொல்லும் பெண் பனமலைப் பக்கத்திலிருந்து வந்தவள். விவசாயக் குடும்பம். அதிகம் பேச மாட்டாள். அவள் மடிக்கும் விரிப்பு மூலை வகுப்பிலேயே நேர்த்தியானது. மற்றவர்களை அழைத்து, "இதைப் பாத்து மடிங்க" என்று காட்டியிருக்கிறேன்.

வெந்நீர்ப் பை பாடத்தையும் முறையாகவே நடத்தினேன். பையை முழுதாக நிரப்பக் கூடாது. காற்றை வெளியேற்றி மூடியைத் திருக வேண்டும். கவிழ்த்துப் பார்க்க வேண்டும். துணி உறைக்குள் போட்டு, நம் முன்கையின் உட்பக்கத்தில் வைத்துச் சூடு பார்க்க வேண்டும். வைத்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது. சர்க்கரை நோயாளியின் காலில் வைக்கவே கூடாது. அவருக்குச் சூடு தெரியாது.

ஒரு மார்கழிக் காலை. அந்தப் பெண்கள் வார்டுக்கு வந்த முதல் வாரம். பள்ளியை ஒட்டியே எங்கள் சின்ன மருத்துவமனையும் இருந்தது. அன்றைக்கு ஆய்வுக்கு வருகிறார்கள் என்று எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தோம். வார்டில் ஒரு பெரியவர், கால் ஜில்லிட்டுப் போகிறது, வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள் என்று காலையிலிருந்து நச்சரித்துக்கொண்டிருந்தார். அவளைக் கூப்பிட்டுப் பையை வைக்கச் சொன்னேன்.

"சார், இவருக்குச் சுகர் இருக்குது சார். வெக்கலாமா?"

"நான் சொல்றேன்ல, வை. அவர் வாய மூடட்டும்."

"உறை துவைக்கப் போயிருக்குது சார்."

"துண்டைச் சுத்தி வை."

அவள் முன்கையில் சூடு பார்த்துவிட்டு, துண்டைச் சுற்றி வைத்தாள். பக்கத்திலேயே நின்றாள். பயிற்சி அறைக்குப் போன நான் சிறிது நேரத்தில் ஆளனுப்பி அவளை வரவழைத்தேன். மாப்பிள்ளையை உறை பிரித்துக் கட்டிலில் கிடத்தியிருந்தோம். விரிப்பு மூலை சரியாக வரவில்லை. அதற்கு அவள் கைதான் வேண்டும். "பை வெச்சிருக்கேன் சார்" என்றாள். "ரெண்டு நிமிஷ வேலை" என்றேன். மூலைகளை முடித்ததும், வந்தவர்களுக்குச் செய்து காட்ட அவளையே அங்கே நிறுத்திக்கொண்டேன். பொம்மைக்கு அவள் முகம் துடைத்துக் காட்டினாள். வந்தவர்கள் பாராட்டினார்கள்.

வார்டில் துண்டு நழுவிப் பை காலிலேயே கிடந்திருக்கிறது. பெரியவர் நிம்மதியாகத் தூங்கிவிட்டார். பையை எடுத்தபோது தோலும் கூட வந்தது.

முதல்வர் அம்மா எங்கள் இருவரையும் அறைக்கு அழைத்தார். "யார் வெச்சது?" என்று கேட்டார்.

"நான்தான் மேடம்" என்றாள் அவள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்: "சுகர் பேஷண்டுக்கு வெக்கக் கூடாதுன்னு கிளாஸ்ல சொல்லிக் கொடுத்திருக்கேன் மேடம்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அவள் ஒரு தடவை என் பக்கம் திரும்பினாள். பிறகு, "சாரி மேடம்" என்றாள்.

முதலாண்டு முடியும்போது விளக்கேற்றும் விழா நடக்கும். வெள்ளை உடையில் வரிசையாக நின்று, கையில் மெழுகுவர்த்தியோடு உறுதிமொழி எடுப்பார்கள். அவள் அதில் நிற்கக் கூடாது, அந்த வருடத்தைத் திரும்பப் படிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. அவள் அப்பா வந்தார். நேராக வார்டுக்குப் போய் அந்தப் பெரியவரின் நல்ல காலைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு என்னிடம் வந்து, "நீங்க ஒழுங்காத்தான் சொல்லிக் குடுத்தீங்களாம் சார். இவளுக்குத்தான் புத்தி இல்ல" என்றார். பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு மகளை அழைத்துப் போனார். அவள் திரும்பிப் படிக்க வரவில்லை.

அதன் பிறகும் பல வருடங்கள் அதே பாடத்தை நடத்தினேன். ஓய்வும் பெற்றேன். எனக்கும் சர்க்கரை வந்தது. போன வருடம் எங்கள் தெருவில் நர்சிங் மாணவிகள் மருத்துவ முகாம் போட்டார்கள். சின்னப் பெண் ஒருத்தி என்னைக் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் பாதத்தைத் தொட்டாள். "தொடுறது தெரிஞ்சா சொல்லுங்க தாத்தா" என்றாள். நான் காத்துக்கொண்டே இருந்தேன். "நாலு தடவ தொட்டுட்டேன் தாத்தா" என்றாள்.

நடந்ததைச் சொல்லிவிடுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். முதலில் பள்ளிக்குப் போனேன். இப்போதைய முதல்வர் சின்ன வயது அம்மா. முழுவதும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் பழசு சார், மனசுல வெச்சுக்காதீங்க. இந்த வருஷம் விளக்கேத்த நீங்களே வாங்களேன்" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன்.

பனமலைக்குப் போக நான் தேர்ந்தெடுத்த நாள் அமாவாசை என்பது செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் போன பிறகுதான் உறைத்தது. மேல்மலையனூர் அம்மன் கோயில் ஸ்பெஷல் பஸ்களுக்கு நின்ற கூட்டத்தில் ஒதுங்கக்கூட இடம் இல்லை. அனந்தபுரம் போய் வேறு வண்டி மாறி, ஏரிக்கரையில் இறங்கி விசாரித்துக்கொண்டு நடந்தேன். செருப்பு நழுவியதுகூடக் காலுக்குத் தெரியவில்லை.

அவள் மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தாள். நடுத்தர வயதுப் பெண். கல்யாணமாகி அதே ஊரில்தான் இருந்தாள். பார்த்ததும், "சார்" என்று புடவையில் கையைத் துடைத்தாள். நான் வந்த விஷயத்தை அங்கேயே சொன்னேன். அவள் வாளியைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"எனக்குத் தெரிஞ்ச கதைய என்கிட்ட இன்னாத்துக்கு சார் சொல்றீங்க? உள்ள நைனா இருக்குது. அதுகிட்ட சொல்லுங்க."

அவள் அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. ஆனாலும் என்னை அடையாளம் கண்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் டீ கொண்டுவந்தாள். அவர் உடனே, "பாத்துக் குடு, சார் மேல ஊத்திடப் போற" என்றார். என் பக்கம் திரும்பி, "எது சுடச்சுட எடுத்தாலும் நான் பக்கத்துல இருக்கணும் சார். அவ புள்ளைங்களுக்கு வெந்நி ஊத்துனா கூட நான் கைய வெச்சுப் பாத்துதான் விடுவேன். உங்களுக்குத் தெரியாததா" என்றார். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. கேட்டுப் பழகிப்போன முகம்.

நான் சொன்னேன். அவருக்குக் கேட்கவில்லை. "இன்னா?" என்றார். குரலை உயர்த்திச் சொன்னேன். மறுபடி, "இன்னா சார்?" என்றார்.

"தப்பு என்னுது. வெக்கலாமான்னு உங்க பொண்ணு கேட்டா. நான்தான் வெக்கச் சொன்னேன். நான்தான் நடுவுல கூப்பிட்டுக்கினு போனேன்."

கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. எதிர்வீட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் மகளைப் பார்த்து, "நீ ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"சொன்னேன் நைனா. பஸ்லயே சொன்னேன். சார் அப்படி ஆளு இல்லன்னுட்ட."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அந்த ஆளு காலத் தொட்டனே சார்" என்றார். மன்னிப்புக் கேட்டேன். அதையும் கத்தித்தான் கேட்டேன். அவள் ஏதாவது படிக்க விரும்பினால் நான் பள்ளியில் பேசுகிறேன் என்றேன். "எனக்கு இன்னா வயசு சார் இப்போ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

அப்பாவுக்கு வேறு டம்ளரில் டீ எடுத்து வந்தாள். ஆவி பறந்தது. அவர் வாய் திறந்தது. பிறகு ஒன்றும் சொல்லாமல் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். அவள் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றாள்.

பஸ் நிற்கும் இடம் வரை அவர் கூட வந்தார். வண்டி வந்ததும் என் முழங்கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். நான் திரும்பிக் கும்பிட்டேன்.

"இனிமே இந்தப் பக்கம் வராதீங்க சார்" என்றார்.

அதன் பிறகு நான் அந்தப் பக்கம் போகவில்லை.